வடசென்னையில் பழம்பொருள் சேகரிப்பு: காயலான் கடைத் தராசிலிருந்து வீட்டு அலமாரி வரை

பழைய பித்தளைக் குடம் ஒன்றின் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக உளி குத்தி யாரோ பெயர் வெட்டியிருப்பார்கள்: இரண்டு இனிஷியல், ஒரு பெயர், சில சமயம் தேதி. கல்யாணச் சீரில் வந்த பாத்திரம் இரவல் போன வீட்டிலேயே தங்கிவிடக் கூடாதே என்று வெட்டியது. காயலான் கடைக்கு அந்தக் குடம் வெறும் எடை. பாலிஷ் பட்டறைக்கு அந்த எழுத்து, சக்கரத்தில் தேய்த்து எடுக்க வேண்டிய சொரசொரப்பு. சேகரிப்பவருக்கோ அது ஒன்றுதான் அத்தாட்சி. கீழே சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றியே வரும்: பொருளில் எழுதியிருப்பதைப் படிப்பது, அது அழியாமல் காப்பது, எழுதாமல் விட்டதை நாம் எழுதி வைப்பது. பளபளப்பு கடைசிக் கவலை.

முதலில் எல்லை போடுங்கள்

கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கினால் ஒரே வருடத்தில் வீடு குடோன் ஆகிவிடும். எந்தப் பொருளைப் பற்றியும் உருப்படியாக ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு வகையை எடுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு பொருளுக்கு மேல் வேண்டாம். வகை எவ்வளவு குறுகலோ அவ்வளவு சீக்கிரம் கண் பழகும். 'பித்தளை' என்பது வகையே இல்லை. 'பெயர் வெட்டிய பயணக் கூஜா' என்பது வகை.

இந்தப் பக்கத்தில் கிடைக்க வாய்ப்புள்ளவை சில. பெரம்பூர் பணிமனையும் ராயபுரம் ஸ்டேஷனும் (1856-ல் திறந்தது) உள்ள ஊர் என்பதால் ரயில்வே விளக்கு, பூட்டு, பித்தளைப் பொத்தான். பின்னி மில் 1996-ல் மூடும் வரை மூன்று நான்கு தலைமுறை அங்கே வேலை பார்த்ததால், துணித்தானில் ஒட்டிய லேபிள், மில் காகிதங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடி பக்கம் குடியேறிய குடும்பங்களிடம், மூங்கிலில் பின்னி மரப்பால் பூசிய வெற்றிலைப் பெட்டி. மண்ணடி, சவுகார்பேட்டையின் பழைய வணிகர் வீடுகளிலிருந்து பீங்கான் ஜாடி, கல்லாப்பெட்டி, தராசு, படி. குஜிலிக் கடைத்தெருவில் காலணா அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். இவை எட்டு, பதினாறு பக்கம்தான், தொட்டால் உதிரும், ஆனால் இந்த ஊரின் சொந்தச் சரக்கு.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், பாத்திரத்திலோ நாணயத்திலோ தொடங்குங்கள் என்போம். உலோகம் நம் தவறுகளைத் தாங்கும். காகிதமும் ஓவியமும் தாங்காது.

தொடவே கூடாதவை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத வயதுள்ள சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள். சுவடி, ஆவணம் போன்றவற்றுக்கு அந்தக் கணக்கு 75 வருடம். கல், சுடுமண், உலோகம், தந்தம், மரம் இவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் ஆகியவற்றை வைத்திருப்பவர் தொல்லியல் பதிவு அதிகாரியிடம் புகைப்படத்தோடு பதிய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குக் கூரியரில் போட்டாலும் குற்றம்தான்.

சாமி சிலையை, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பத்திரமும் பதிவும் இல்லாமல் வாங்காதீர்கள். தமிழகக் காவல்துறையில் இதற்கென்றே சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983 முதல் இருக்கிறது. கோயிலிலிருந்து போனதா, போன வருடம் வார்த்ததா என்று கடையில் நின்று சொல்லிவிட முடியாது. முதலாவது என்றால் வழக்கு, இரண்டாவது என்றால் ஏமாற்று. இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கு.

யானைத்தந்தம், மான் கொம்பு, ஆமை ஓடு: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். பழைய கத்தியின் கைப்பிடி, சீப்பு, தாயக்கட்டையில் தந்தம் ஒளிந்திருக்கும். ரயில்வே பொருளென்றால், பணிமனையில் கழித்து ஏலம் விட்ட லாட்டில் வந்தது என்று சொல்லும் ரசீதைக் கேளுங்கள். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதற்கு 1966-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. பள்ளம் தோண்டும்போது கிடைத்தது என்று சொல்லி யாராவது பானைக் காசு நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். புதையல் சட்டம் 1878-லிருந்தே அமலில் இருக்கிறது; கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டிய சங்கதி அது.

அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் கலசம் என்று யாராவது காதில் ஓதினால் எழுந்து நடையைக் கட்டுங்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெருக்கும் லூப் கண்ணாடி. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. அதோடு அளவு சரிபார்க்கும் எடைக்கல் ஒன்று. நல்ல காந்தம், நூலில் கட்டியது. டேப், எல்.இ.டி. டார்ச், புற ஊதா டார்ச், பஞ்சுக் குச்சி, சின்னச் சீசாவில் தண்ணீர். பிறகு ஒரு நோட்டு. மொபைலில் படம் எடுக்கலாம். ஆனால் விற்பவர் சொன்ன வார்த்தையை அங்கேயே கையால் எழுதுவதுதான் நிற்கும்.

எங்கே, எப்போது

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு அந்தக் கடைகள் சென்ட்ரலுக்குப் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தன. பழைய புத்தகம், இசைத்தட்டு, நாணயம் தேடுபவர்கள் இன்றும் முதலில் போகும் இடம் அது. இடித்த வீட்டுக் கதவு, தூண், ஜன்னலுக்கு வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடைகள். 'பழசுக்குப் புதுசு' எடுக்கும் பாரிமுனைப் பாத்திரக் கடைகளில் சீர் பாத்திரம் வந்து குவியும். அங்கே கேட்டால் உருக்கப் போகும் மூட்டையைப் பிரித்துக் காட்டுவார்கள், எல்லாரும் இல்லை. ஆனால் உண்மையான ஊற்று வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிச் சந்துகளில் இருக்கும் காயலான் கடைகள்தான்.

காயலான் கடைக்குக் காலையில் போங்கள். அன்றைய சரக்கைப் பிரித்துப் போடும் நேரம் அது. மதியத்துக்கு மேல் மூட்டை கட்டி வண்டி ஏற்றிவிடுவார்கள். வருடத்தில் மார்கழியின் கடைசி இரண்டு வாரம் பொன் போன்றது. போகிக்காக ஒட்டடை அடித்துப் பரண் காலியாகும். காகிதமும் மரமும் போகியன்று நெருப்புக்குப் போய்விடும் என்பதால் அதற்கு முன்பே தெருவில் சொல்லி வையுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் பட்டறைகளும் அச்சகங்களும் கழிப்பார்கள்.

கேட்கிற விதம் முக்கியம். "ஆன்டிக் இருக்கா?" என்று கேட்ட மறு நொடி விலை ஏறிவிடும். "ணா, இது எடைக்கா, பீஸுக்கா?" என்பதுதான் இங்கே கேள்வி. எடைக்கு என்றால் அன்றைய பித்தளை விலை. பீஸுக்கு என்றால் பேரம். அடுத்த கேள்வி, விலை பேசி முடித்த பிறகு: "எந்தப் பக்கத்துச் சரக்குணா?" 'கல்மண்டபத்துல வீடு இடிச்சாங்க' என்று பதில் வந்தால் அந்த மூன்று வார்த்தையை நோட்டில் எழுதுங்கள். பொருளின் பாதி மதிப்பு அதில் இருக்கிறது. காசு கொடுத்து அதைப் பின்னால் வாங்க முடியாது.

வயது கண்டுபிடிப்பது

'நூறு வருஷத்துப் பொருள் சார்' என்பது விற்பவர் வாய்ப்பாடு. பொருளிடமே கேளுங்கள்.

எழுத்திலிருந்து தொடங்குங்கள். 1978-ல் தமிழ் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு மேலே யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்பு இருந்தது. ணா, றா, னா ஆகியவை காலோடு சேர்ந்து ஒரே சுழியாக எழுதப்பட்டன. 1930-களின் கடைப் பலகை என்று கொடுப்பார்கள். அதில் 'விலை' என்ற சொல்லின் 'லை' இன்றைய பாணியில் இருந்தால் பலகை அநேகமாகப் போலி, அல்லது பின்னால் திருத்தி எழுதியது. மாறாகப் பழைய எழுத்து இருப்பதால் மட்டும் பொருள் பழசு ஆகிவிடாது. பழைய கையில் பழகிய கொத்தர் 1985-லும் அப்படியே வெட்டியிருப்பார்.

தமிழ் வருடம் வெட்டியிருந்தால் கணக்குப் போடலாம். அறுபது வருடச் சுழற்சி என்பதால் விடை ஒன்றுக்கு மேல் வரும். ஒரு சொம்பில் 'விரோதி வருஷம் தை' என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விரோதி 2009 சித்திரையில் தொடங்கியது. அதற்கு முன் 1949, அதற்கும் முன் 1889. தை மாதம் என்பதால் ஆங்கிலக் கணக்கில் 1950 தொடக்கம் அல்லது 1890 தொடக்கம். இரண்டில் எது என்று செய்முறையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது அச்சிட்ட முகவரியும் விலையும். விலை அணாவில் என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். 'நயா பைசா' என்றால் 1957 முதல் 1964 வரை. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு. 'மதராஸ் ராஜ்யம்' என்றால் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறியதற்கு முன். ஆங்கிலத்தில் 'சென்னை' என்று இருந்தால் அநேகமாக 1996-க்குப் பிறகு. தமிழில் அப்படிக் கணக்கிட முடியாது. தமிழர்கள் சென்னை என்றும் சென்னப்பட்டணம் என்றும் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ரயில்வே பொருளில் 'எம் அண்ட் எஸ்.எம்.' என்ற முத்திரை இருந்தால் அது மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. 1908-ல் உருவாகி 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் கலந்தது. ஆக அந்த நாற்பத்து மூன்று வருடத்துக்குள். வெறும் 'எஸ்.ஆர்.' என்றால் அதற்குப் பிந்தையது. பீங்கானிலும் கடிகாரத்திலும் நாட்டுப் பெயர் உதவும்: 'செக்கோஸ்லோவாகியா' என்றால் 1918-க்குப் பின், 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்றால் 1945 முதல் 1952 வரை, 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949 முதல் 1990 வரை. படியிலும் எடைக்கல்லிலும் சேர், பலம் இருந்தால் மெட்ரிக் முறை வருவதற்கு முந்தையது. கிலோ, லிட்டர் என்றால் 1950-களின் கடைசியோ அதற்குப் பிறகோ.

மரச்சாமானில் கூட்டல் குறித் தலை ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். அது 1930-களில்தான் உலகத்துக்கே வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் பழுது பார்த்தது. எல்லாமே அப்படியென்றால் செய்ததே பின்னால்.

கையில் எடுத்துச் சோதிப்பது

*பாத்திரம்.* தகடு தட்டிச் செய்த பழைய குடம், அண்டாவில் உடல் சேரும் இடத்தில் பல் பல்லாகக் கோத்து, பற்று வைத்து (உலோகத்தை உருக்கி ஒட்டி) இணைத்த கோடு தெரியும். உள்ளே டார்ச் அடித்தால் சுத்தியல் பள்ளங்கள் மினுங்கும். மெஷினில் சுழற்றி எடுத்ததில் இசைத்தட்டு மாதிரி வட்டக் கோடுகள் ஓடும். தேய்மானம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? குடத்துக்கு அடியும் இடுப்பில் படும் பக்கமும், கூஜாவுக்குக் கைப்பிடி சேரும் துளையும், குத்துவிளக்குக்குத் திருகு மரையும் தேயும். விளக்கின் தண்டு ஒரு நிறமும் அகல் வேறு நிறமும் என்றால் இரண்டு விளக்கைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். காந்தம் ஒட்டினால் இரும்பின் மேல் முலாம்.

செயற்கைப் பச்சையைக் கண்டுபிடிக்க ஈரப் பஞ்சுக் குச்சி போதும். தடவினால் நிறம் வந்தால் அமிலமும் சாணமும் பூசி ஒரு மாதம் மண்ணில் புதைத்து எடுத்த வேலை. காலத்தால் வந்த கருமை உலோகத்தோடு ஒட்டியிருக்கும், மூலையில் அடர்த்தியாகவும் கைபடும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். போலியில் எங்கும் ஒரே அடர்த்தி.

*நாணயம்.* ராமர் பட்டாபிஷேகம், அனுமார், தாமரை பொறித்து 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று போட்ட செப்புக் காசு கோயில் வாசல் தோறும் விற்கும். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. கம்பெனி மதராஸுக்காக உண்மையில் அடித்தது பார்க்கும்படியாகவே இருக்கும்: ஒரு பக்கம் கம்பெனியின் மரபுச் சின்னமும் 1803 அல்லது 1808 என்ற ஆண்டும், மறுபக்கம் பாரசீக எழுத்தும், கீழே ரோமன் எண்ணில் பத்து அல்லது இருபது காசு. பர்மிங்காமில் அடித்து இங்கே அனுப்பினார்கள். 1808-ஆம் ஆண்டுக் காசுகளை மூட்டை மூட்டையாக ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அவற்றை வெளியே எடுத்தார்கள். அதனால் 1808 காசு அபூர்வம் இல்லை. அரித்துப்போன முகத்தோடு ஆனால் தேய்மானம் இல்லாமல் இருந்தால் அது கடலுக்கு அடியில் கிடந்தது. மதராஸ் கடைத்தெருவில் புழங்கி மழமழத்துப் போன காசு வேறு ரகம். எங்களுக்குப் பின்னதுதான் பிடிக்கும்.

வெள்ளி ரூபாய்க்கு இந்தச் சோதனையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா காலம் முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. முதலில் காசைச் சும்மா எடை போடுங்கள், 11.60 என்று வைப்போம். பிறகு பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யம் ஆக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் 11.60-ஐ வகுங்கள். தராசு 1.12 காட்டினால் 10.36 வரும், நல்ல வெள்ளி. 1.34 காட்டினால் 8.66, அது வெள்ளி மாதிரி இருக்கும் பித்தளை இனம். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய்க்கு ஏறக்குறைய 9.5 வரும், அது போலி இல்லை. விடை தப்பாக வரும் காரணம் பெரும்பாலும் குமிழ், அல்லது நூலின் முடிச்சுப் பெரிதாக இருப்பது. 1939 என்று ஆண்டு போட்ட ரூபாயை மட்டும் எடை சரியாக இருந்தாலும் நம்பாதீர்கள்: அது மிக அபூர்வம் என்பதால் வேறு ஆண்டின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றுவார்கள். லூப்பில் 9-ஐச் சுற்றிய தளம் பள்ளமாகவோ கீறியோ இருக்கும்.

*சாமி படம்.* ரவிவர்மா அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது; கல்லச்சுப் படம். லூப்பில் பார்த்தால் நிறம் ஒழுங்கில்லாத மணல் துகள் போலத் தெரியும். இன்றைய ஆஃப்செட் நகலில் புள்ளிகள் வரிசை பிசகாமல் பூப்பூவாக அமைந்திருக்கும். பத்து விநாடியில் முடியும் சோதனை. சட்டம் பழசாக இருப்பது எதையும் நிரூபிக்காது. பழைய சட்டத்தில் புதுப் படம் செருகுவதுதான் வழக்கமான வேலை.

*கிராமபோன்.* பளபளக்கும் பித்தளைப் புனல், புது வார்னிஷ் பெட்டி, பளிச்சென்ற நாய் ஸ்டிக்கர் மூன்றும் சேர்ந்து வந்தால் அது அலங்காரத்துக்காகச் சமீபத்தில் கோத்தது. கைப்பெட்டி மாதிரி மூடும் போர்ட்டபிள் மாடல்களில் ஏமாற்று குறைவு. போலி செய்வதில் லாபம் இல்லை. 78 வேக இசைத்தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரையும். இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. மிச்சம் பிடித்தால் தட்டின் பள்ளம் தேய்ந்து சாம்பல் நிறமாகும்.

*மரம், பீங்கான்.* இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்து அடியைப் பாருங்கள். வில் வளைவாக ரம்பத் தடம் என்றால் மெஷின் வட்ட ரம்பம். நேர்கோடாக, சற்றுச் சீரில்லாமல் இருந்தால் கைரம்பம். பழைய வட்ட மேஜை உண்மையில் வட்டமாக இருக்காது, ரேகைக்குக் குறுக்கே சுருங்கிச் சற்றாவது ஓவலாகியிருக்கும். டேப் வைத்து இரண்டு பக்கமும் அளங்கள். மரப்பாச்சியை ஈரப் பஞ்சால் துடைத்துச் சிவப்பு ஒட்டினால் சாயம். ஊறுகாய் ஜாடியை விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், டொக்கென்றால் விரிசல். ஒட்டுப்போட்ட இடம் புற ஊதா வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும்.

விலை

பித்தளை, செம்பு, வெண்கலத்துக்குத் தரைவிலை என்று ஒன்று உண்டு: எடை பெருக்கல் அன்றைய பழைய உலோக விலை. போவதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். எழுத்தில்லாத சாதாரணப் பாத்திரத்துக்குத் தரைவிலைக்கு மேல் பாதி கூடக் கொடுக்கலாம். பெயரும் தேதியும் இருந்தால் இரண்டு மூன்று மடங்கு. மில், ரயில்வே, சங்கம், ஹோட்டல், பஜனை மடம் என்று நிறுவனத்தின் பெயர் வெட்டியிருந்தால் எடையை மறந்து பீஸாகப் பேசுங்கள். பாலிஷ் போட்டு எழுத்து மங்கியிருந்தால் மறுபடி தரைவிலைக்கே வாருங்கள். கடைக்காரர் பாலிஷ் செலவையும் சேர்த்துக் கேட்பார். அதைக் கெடுத்ததற்குக் கூலியா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு நகரலாம்.

பில் வாங்குங்கள். காயலான் கடையில் பில் இல்லையென்றால் துண்டுச் சீட்டில் தேதி, எடை, தொகை எழுதிக் கடை முத்திரையாவது. இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு.

வீட்டுக்கு வந்ததும்

நேரே அலமாரிக்குள் வைக்காதீர்கள். இரண்டு வாரம் தனியே. மரப்பொருளைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வையுங்கள். ஒரு வாரத்தில் மாவு போலப் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. சின்னச் சாமானென்றால் பாலிதீன் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காமல் விடுங்கள். உடனே பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்துவிடும். வர்ணம் பூசியது, அரக்குப் பூசியது, சிப்பி பதித்தது இவற்றுக்கு இது ஆகாது.

பித்தளைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, மெத்தென்ற பிரஷ். அவ்வளவுதான். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பாத்திரப் பவுடர் வேண்டாம். அமிலம் பித்தளையின் துத்தநாகத்தைத் தின்று செம்பை மேலே விடும். அதனால்தான் புளியில் அதிக நேரம் ஊறிய பாத்திரம் திட்டுத் திட்டாக ரோஸ் நிறமாகிறது. விளக்கில் இறுகிய எண்ணெய்ப் பிசுக்குக்கு டர்பன்டைன் நனைத்த துணி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. நாணயத்தை எதாலும் கழுவாதீர்கள். தேய்த்த காசைத் தெரிந்தவர் யாரும் வாங்கமாட்டார்.

கவனிக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு. செம்பு, வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாக வந்து, பல்குச்சியால் எடுத்தால் சில நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தால், உப்பு உள்ளே புகுந்துவிட்டது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க் கடற்காற்றில் இது வேகமாகப் பரவும். அந்தப் பொருளை மற்றவற்றிடமிருந்து உடனே பிரியுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மதிப்புள்ள பொருளென்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லிருந்தே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, அங்கே ஆலோசனை கேளுங்கள். கெட்டியாக, கைக்கு வராமல் ஒட்டியிருக்கும் கரும்பச்சை நோய் இல்லை; அதை விட்டுவிடுங்கள்.

காகிதத்துக்கு மூன்று 'கூடாது': லேமினேஷன், செல்லோடேப், ரப்பர் பேண்ட். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னைப் பின்பக்கமிருந்து நிமிர்த்தி எடுங்கள், இழுக்காதீர்கள்.

வைக்கும் இடம்

தரைத்தளத்தில் இருப்பவர்கள் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் சுவரில் எந்த உயரம் வரை வந்தது என்று வீட்டில் கேளுங்கள். அடித்தட்டு அந்தக் கோட்டுக்கு ஒரு அடி மேலே இருக்கட்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளுங்கள்; ஓதம் ஏறாது, கரையான் வந்தாலும் கண்ணில் படும்.

உலோகமும் காகிதமும் ஒரே பெட்டியில் வேண்டாம். உலோகத்துக்கு எவ்வளவு உலர்வோ அவ்வளவு நல்லது: பத்து லிட்டர் மூடி இறுகும் டப்பாவுக்கு 150 கிராம் சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பத மீட்டர். 40-க்குக் கீழே நின்றால் போதும். நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடலாம், சமையலுக்குப் பயன்படாத சட்டியில். மரம், ஓலை, பர்மா அரக்குப் பெட்டிக்கு இதைப் போடாதீர்கள், காய்ந்து வெடிக்கும். அவற்றுக்குக் காற்றோட்டமான நிழல், பருத்தித் துணி. ராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒருமுறை பிரித்துப் பார்ப்பதைவிட நல்ல மருந்து கிடையாது.

நாணயத்தை வழவழ பி.வி.சி. ஆல்பத்தில் வைத்தால் ஓரிரு வருடத்தில் பச்சைப் பிசுபிசுப்பு வரும். பாலியஸ்டர் உறை கேளுங்கள். வெள்ளியை ரப்பரும் கம்பளியும் கறுக்கவைக்கும். மணலி, எண்ணூர் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வெள்ளியை வெளியே அடுக்காமல் இறுக மூடி வைப்பது நல்லது; கந்தகம் கலந்த காற்றுக்கு வெள்ளி தாங்காது.

பதிவேடு

ஒவ்வொரு பொருளுக்கும் எண். வருடமும் வரிசையும் போதும். பொருளின்மேல் எழுத வேண்டாம். பருத்தி நூலில் அட்டைச் சீட்டு கட்டுங்கள். படம் ஐந்து: முன், பின், அடி, உள், எழுத்து உள்ள இடம் மிக அருகில். வெட்டெழுத்தைப் படம் பிடிக்க டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. பதிவு இப்படி இருக்கலாம்:

'25/07. பித்தளைக் கூஜா, மூடியோடு. உயரம் 24 செ.மீ., எடை 1,380 கிராம். தகடு, பல் பற்று. கழுத்தில் பொட்டு வெட்டு: மு.ர. கன்னியம்மாள், விரோதி தை. 'லை', 'னை' எங்கும் இல்லை, எழுத்தால் காலம் சொல்ல முடியவில்லை. மூடிச் சங்கிலி பின்னால் மாற்றியது. பழைய வண்ணாரப்பேட்டை, எடைக்கு. விற்றவர் சொன்னது: கல்மண்டபம், வீடு இடிப்பு. நம் கணிப்பு: 1950. ஐயம்: மூடி இதனுடையதுதானா?'

விற்றவர் சொன்னதும் நம் கணிப்பும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் ஐந்து வருடம் கழித்து எது யார் சொன்னது என்று நமக்கே தெரியாது. ஐயத்தையும் எழுதுங்கள், அதே சந்தில் என்றைக்காவது இன்னொரு மூடி கிடைக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை பதிவேட்டோடு அலமாரி முன் உட்காருங்கள். ஐய வரி நிரம்பியதையும், அதைவிட நல்லது வந்துவிட்டதையும் கழித்துவிடுங்கள். நூறு வயது தாண்டிய, பதிவு செய்த பொருள் என்றால் கை மாறியதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியது நினைவிருக்கட்டும். கழிக்கும்போது சீட்டையும் பதிவின் நகலையும் பொருளோடு சேர்த்தே கொடுங்கள். அடுத்து வாங்குபவர் 'எந்தப் பக்கத்துச் சரக்கு?' என்று கேட்க வேண்டியிருக்காது.